‘நானேதான் போனேன்’ என்று எழுதிய சகோதரிக்கு

கல்குளம் தாலுகாவிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 36 வயது. கணவர் வளைகுடாவுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது, கடைசி மூன்று வருடமாகப் பணமும் இல்லை, போனும் இல்லை. வீட்டில் வயதான அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகள். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவர், அங்கே வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தாலே பெரிது என்று ஆனபோது மூன்று இடத்தில் குழுக் கடன் வாங்கிவிட்டார். அந்தக் குழுவில் பழகிய ஒரு ‘அக்கா’, களியக்காவிளை தாண்டி, கேரளப் பக்கம் ஒரு மசாஜ் சென்டரில் ரிசப்ஷன் வேலை, மாதம் 18,000 என்று சொல்லிக் கூட்டிப்போனார். முன்பணம் 1,20,000 கொடுத்தார். அதற்குப் பதிலாக ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு கையெழுத்து, தொகை எழுதாத ஒரு செக், ஆதார் அட்டை, அப்புறம் ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று மூன்று பவுன் செயின். பத்தாவது நாள்தான் வேலை பாலியல் தொழில் என்று தெரிந்திருக்கிறது. “ரெண்டு நாள் அழுதேன். மூணாவது நாள் சரின்னு சொன்னேன். யாரும் அடிக்கல. பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கலாம். வரல” என்று எழுதியிருக்கிறார்.

அது நடந்து பதினான்கு மாதம். நான்கு மாதமாக நிறுத்த நினைக்கிறார். இன்னும் 1,85,000 பாக்கி, அதை அடைக்காமல் போனால் செக்கை பேங்கில் போடுவேன், வீடியோ இருக்கிறது, மகள் படிக்கிற பள்ளிக்கே அனுப்புவேன் என்கிறாராம் அந்த அக்கா. “நீயா வந்தவ, கேஸ் போட்டா நீயும் உள்ளே போவே” என்றும் சொல்லியிருக்கிறார். காய்ச்சலோடு இருந்த ஒரு இரவு, முடியாது என்று கெஞ்சியும் விடவில்லை என்பதை ஒரே வரியில் எழுதி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இப்போது அம்மாவின் வைத்தியத்துக்காக ஊருக்கு வந்திருக்கிறார், அடுத்த வாரம் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள். தான் செய்தது குற்றமா, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவார்களா, தன்னை ஹோமில் அடைப்பார்களா, தானே சரி என்று சொன்ன பிறகு புகார் கொடுக்கத் தனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற மூன்றும் அதில்தான் சிக்கியிருக்கின்றன. நாகர்கோவிலில் வக்கீலாக இருந்து இப்படிப்பட்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்ததும், பேரைச் சொல்வதற்கு முன்பே, “மேடம், நானேதான் போனேன்” என்பார்கள். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. வாங்கிய கடனுக்கு அப்படி யாரும் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை.

‘நானேதான் போனேன்’ என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது

முதலில் ஒரு பெரிய தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். பாலியல் தொழிலில் ஒரு வயது வந்த பெண் இருப்பது, அந்தச் செயல் மட்டுமே, நம் நாட்டில் குற்றம் கிடையாது. 1956ஆம் வருடத்து ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் குற்றம் என்று சொல்வது அதைச் சுற்றி நடப்பவற்றை: வீடு எடுத்து நடத்துவது, பெண்ணைக் கூட்டிவருவது, அவளை அங்கே பிடித்துவைப்பது, அவள் சம்பாத்தியத்தில் வாழ்வது. பெண்கள் மேலேயே திரும்பக்கூடிய பிரிவுகளும் உண்டு, மறைக்க மாட்டேன். பொது இடத்தில் ஆளைக் கூப்பிட்டால் 8ஆம் பிரிவு. கோயில், சர்ச், பள்ளி, ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்கு 200 மீட்டருக்குள் தொழில் நடந்தால் 7ஆம் பிரிவு. நம் பக்கத்தில் அந்த 200 மீட்டருக்குள் இவற்றில் ஒன்றாவது இல்லாத தெரு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, அதனால் இந்தப் பிரிவு பெண்களுக்கு எதிராகப் போவது எனக்கு எப்போதும் வேதனை. உங்கள் விஷயத்தில் நீங்கள் யாரையும் தெருவில் நின்று கூப்பிடவில்லை. 7ஆம் பிரிவை யாராவது எடுத்தால் அதற்குப் பதில் சொல்ல வக்கீல் பக்கத்தில் இருப்பார், அதற்குத்தான் கீழே ஒரு வழி சொல்லப்போகிறேன்.

அப்புறம் உங்கள் சம்மதம். தொழிலுக்காக ஒருவரைக் கூட்டிவருவதைத் தண்டிக்கிற 5ஆம் பிரிவில், அவருடைய சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம்தான் என்று எழுதியிருக்கிறது. மூன்று முதல் ஏழு வருடம் சிறை. பிடித்துவைப்பதைச் சொல்லும் 6ஆம் பிரிவிலும் அதே வார்த்தை, குறைந்தது ஏழு வருடம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, ஆள் கடத்தலுக்கானது. மிரட்டியோ, ஏமாற்றியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ ஒருவரைச் சுரண்டலுக்காகச் சேர்த்தால், அவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே இல்லை என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. ரிசப்ஷன் வேலை என்று சொல்லி உங்களைக் கூட்டிப்போனதற்குப் பெயர் ஏமாற்று. பத்தாவது நாள் உங்களுக்கு உண்மை தெரிந்ததால் முதல் நாள் பொய் அழிந்துபோகாது.

‘அடிக்கல’ என்கிறீர்கள். சரி, அந்த மூன்றாவது நாளை யோசித்துப் பாருங்கள். செயின் அவர் பீரோவில், ஆதார் அவர் கையில், முன்பணத்தில் பாதி ஏற்கெனவே குழுக் கடனுக்குப் போய்விட்டது, ஊரில் வாசலில் கலெக்ஷன்காரர் உட்கார்ந்திருப்பார், மகளுக்குப் பீஸ் கட்ட வேண்டிய மாதம். பஸ்ஸுக்குக் காசு இருந்திருக்கும், ஆனால் இறங்குகிற இடத்தில் உங்களுக்கு என்ன இருந்தது? 1982இல் டெல்லியில் ஏசியாட் விளையாட்டுக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் நீதிபதி பகவதி இதைத்தான் சொன்னார். அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்பதில், பசியும் வறுமையும் வேறு வழி இல்லாமல் செய்துவிடுகிற கட்டாயமும் அடங்கும் என்றார். அது கூலி வழக்கு. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்தத் தீர்ப்புதான் ஞாபகம் வந்தது.

இதை நான் சொல்வதால், நீங்கள் அன்று எடுத்தது முடிவே இல்லை, நீங்கள் வெறும் பொம்மை என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருந்த வழிகளைக் கணக்குப் போட்டு ஒன்றை எடுத்தீர்கள். மகளின் படிப்பு நிற்கவில்லை. முடிவு உங்களுடையது, நெருக்கடி மற்றவர்கள் உண்டாக்கியது, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஆனால் மூன்றாவது நாள் சொன்ன ‘சரி’ அந்த நாளுக்கானது. பதினான்காவது மாதத்தில் ‘போதும்’ என்று சொன்ன பிறகும் உங்களை இழுத்துப் பிடிக்கிறார்களே, அதற்கு அந்தப் பழைய சம்மதத்தை யாரும் ரசீதுபோல நீட்ட முடியாது.

அந்தக் காய்ச்சல் இரவு. ஒரு வரியில் தாண்டிப்போனீர்கள், நான் தாண்டிப்போக மாட்டேன். முடியாது என்று சொன்ன பெண்ணைப் பலவந்தப்படுத்தினால் அது பாலியல் பலாத்காரம். அவள் என்ன தொழில் செய்கிறாள், முந்தின நாள் என்ன செய்தாள், பணம் கைமாறியதா என்பதெல்லாம் அதை மாற்றாது. ஒரு பெண்ணின் முந்தைய பாலியல் அனுபவத்தை வைத்து அன்றைக்குச் சம்மதித்திருப்பாள் என்று வாதாட சாட்சியச் சட்டமே இடம் தரவில்லை. இதற்குப் புகார் கொடுக்கக் காலக்கெடு முடிந்துவிட்டது என்றும் யாரும் சொல்ல முடியாது. கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கொடுக்கலாம் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு நோட்டு

அந்த அக்கா உங்கள் கடனை எழுதிவைக்கும் நோட்டின் இரண்டு பக்கத்தை போனில் படம் எடுத்து பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள். ‘சேலை 1,800. ஆட்டோ 350. டாக்டர் 900. லீவு 4 நாள் 4,000.’ இந்த லீவு என்ன என்று முதலில் புரியவில்லை, மாதவிலக்கு நாட்கள் என்று நீங்கள் ஓரத்தில் எழுதியதைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். உடம்புக்கு முடியாத நாளுக்கு ஒரு பெண்ணிடம் அபராதம் வாங்கி அதையும் கடனில் ஏற்றியிருக்கிறார்கள். 1,20,000 வாங்கி, பதினான்கு மாதம் உழைத்து, 1,85,000 பாக்கி என்றால் அந்தக் கணக்கு முடிவதற்காக எழுதப்பட்டது கிடையாது.

நீங்கள் இதை உண்மையான கடன் என்று நம்புகிறீர்கள், ‘வாங்கினதைக் கொடுத்துட்டு மரியாதையா வந்துடணும்’ என்கிறீர்கள். உங்கள் நேர்மை புரிகிறது, ஆனால் சட்டம் உங்களிடம் அதைக் கேட்கவில்லை. அதே 6ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒரு பெண்ணை அங்கேயே இருக்கவைக்கும் நோக்கத்தில் அவளுடைய நகை, உடை, பணம், வேறு பொருள் எதையாவது கொடுக்காமல் வைத்திருந்தாலே அவளைப் பிடித்துவைத்ததாகக் கோர்ட் அனுமானிக்கும். உங்கள் மூன்று பவுன் செயின் இங்கேதான் வருகிறது. அது மட்டுமில்லை, அப்படிப் பிடித்துவைத்தவர் ‘இவள் எனக்குப் பணம் தரணும்’ என்று அந்தப் பெண்மேல் கேஸ் போடவே முடியாது என்றும் அந்தப் பிரிவில் இருக்கிறது. ஸ்டாம்ப் பேப்பரும் அப்படித்தான், சட்டவிரோதமான நோக்கத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. செக்கைப் போட்டுத் திரும்பினால்கூட, சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தால்தான் செக் கேஸ் நிற்கும். ஆனால் ஒன்று, வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்துபோய் அலமாரியில் போட்டுவிடாதீர்கள். பணம் கட்ட 15 நாள்தான் கெடு, அதற்குள் பதில் போய்விட வேண்டும்.

இனி ஒரு ரூபாய்கூட அந்த அக்காவுக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் திரும்பிப் போகவும் வேண்டாம், ‘கடைசியா ஒரு மாசம்’ என்று சொன்னாலும்.

ஊரில் இருக்கிற குழுக் கடன் வேறு விஷயம், அது கட்ட வேண்டிய கடன். ஆனால் கட்டுவதற்கும் முறை இருக்கிறது. மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு வசூல்காரர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வாசலில் உட்கார்ந்து அவமானப்படுத்துவதையும் மிரட்டுவதையும் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. மூன்று கடனின் பாஸ்புக்கையும் கொண்டுவாருங்கள், தவணையை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். இந்தக் கடனைச் சரிசெய்யாவிட்டால் அந்த அக்கா இல்லாமல் இன்னொரு அக்கா வருவார்.

வீடியோ, மகள், ஹோம்

வீடியோவை வைத்து மிரட்டிப் பணம் பறிப்பது தனிக் குற்றம், தெரியாமல் படம் எடுத்தது இன்னொரு குற்றம், அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் மூன்றாவது. வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் மெசேஜ்களை அசிங்கமாக இருக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். அந்த நம்பரை பிளாக் செய்யும் முன் எல்லாவற்றையும் வேறொரு போனில் சேமித்துவையுங்கள்.

மகளைப் பிடுங்கிக்கொண்டு போக மாட்டார்கள். அவள் பாட்டியோடு வீட்டில் இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள், அவளைக் கவனிக்க ஆள் இருக்கிறது. தாய் இந்தத் தொழிலில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவே பரிந்துரைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய பணத்தில் அம்மாவும் மகளும் சாப்பிட்டதால் அவர்கள்மேல் கேஸ் வருமா என்று பயப்படுகிறீர்கள். அடுத்தவர் சம்பாத்தியத்தில் வாழ்வது என்ற பிரிவு 18 வயது தாண்டியவர், தெரிந்தே அப்படி வாழ்ந்தால்தான். மகள் மைனர், அம்மாவுக்கு விஷயமே தெரியாது.

ஹோம் பற்றிய பயத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ரெய்டில் மீட்கப்படும் பெண்களை மாஜிஸ்திரேட் ஒன்று முதல் மூன்று வருடம் வரை பாதுகாப்பு இல்லத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு, விருப்பம் இல்லாமலேயே அடைபட்டுக் கிடந்த பெண்களும் உண்டு. 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவில், அப்படி விருப்பத்துக்கு எதிராக வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கண்டறிந்து விடுவிக்க நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறது. போலீஸ் கண்ணியமாக நடக்க வேண்டும், ஆணுறை வைத்திருந்ததைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது என்றும் அதே உத்தரவு சொல்கிறது. உங்கள் நிலைமை ரெய்டில் சிக்கியவர் நிலைமை இல்லை. நீங்கள் ஊரில், உங்கள் வீட்டில் இருந்துகொண்டு, வக்கீலோடு போய்ப் புகார் கொடுக்கப்போகிறவர். இந்த வித்தியாசம் பெரியது, அதனால்தான் இப்போது ஊரில் இருக்கிற இந்த வாரத்தை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

உங்கள் தோழியும் அந்தப் பிள்ளையும்

அந்த வீட்டில் உங்களோடு இருக்கும் தோழி, ‘எனக்கு இது என் தொழில், வீட்டு வேலைக்குப் போய் நாலு வீட்டில் ஏச்சு வாங்கறதைவிட இது பரவாயில்லை, என் பையனைப் படிக்கவைக்கிறேன், போலீசைக் கூட்டிவந்து என் சோத்தில் மண்ணைப் போட்டுடாதே’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை நான் நம்புகிறேன். அவர் நாற்பது தாண்டியவர், அவருக்குக் கடன் இல்லை, வேண்டாத ஆளை வேண்டாம் என்று சொல்கிறார், மாதா மாதம் ஊருக்குப் போய் வருகிறார். உங்கள் நிலையும் அவர் நிலையும் ஒரே கூரைக்குள் இருந்தும் வேறு வேறு. உங்களைப் பாதிக்கப்பட்டவர் என்று சொல்வதற்காக அவரையும் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை, அவர் மனமொப்பி இருக்கிறார் என்பதற்காக உங்கள் புகார் பொய்யாகவும் ஆகாது. புகாரில் உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள். அவர் பெயரையோ கதையையோ நீங்கள் சொல்ல வேண்டாம். ஆனால் புகார் போன பிறகு போலீஸ் அந்த வீட்டுக்குப் போகலாம், அதை உங்களாலும் என்னாலும் தடுக்க முடியாது. அப்படி நடந்தால் அவருக்கும் இலவச வக்கீல் உண்டு, சோதனையின்போது பெண் போலீசார் கட்டாயம் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்ன பிறகு, நான்காம் பக்கத்தில் நீங்கள் ஓரத்தில் எழுதிய வரிக்கு வருகிறேன். ‘புதுசா ஒரு பிள்ளை வந்திருக்கு, பிளஸ் ஒன் படிச்சிட்டு இருந்தேன்னு சொல்லுது.’ இந்தப் பிள்ளை விஷயத்தில் விருப்பமா கட்டாயமா என்ற பேச்சுக்கே இடம் இல்லை. 18 வயது ஆகாத பிள்ளையின் சம்மதம் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் சொல்லியே ஆக வேண்டும், உங்களுக்கும் அது பொருந்தும், இந்தக் கடிதத்தைப் படித்த எனக்கும் பொருந்தும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு இன்றைக்கே கூப்பிடுங்கள். நீங்கள் எழுதியதில் வீடு இருக்கும் இடம் தெரிந்த அளவுக்கு என் கடமையை நான் செய்துவிட்டேன், உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தெரு, எந்த மாடி என்பது உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் தோழியின் பிழைப்பை நினைத்து நான்கு மாதம் தயங்கினீர்கள், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், ஆனால் இந்தப் பிள்ளைக்காக ஒரு நாள்கூடத் தயங்க முடியாது. தோழியும் ஒரு பிள்ளையின் தாய், இதைப் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன். முன்கூட்டி அவரிடம் சொல்லிவிடாதீர்கள், சேதி அந்த அக்கா காதுக்குப் போனால் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

எங்கே, எப்படி

நேராக ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்ற ஒரே காரணம் போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், பெண் வக்கீல் வேண்டும் என்று கேட்கலாம். முதலில் போனில் பேச 15100. இரவில் பயமாக இருந்தால், அல்லது அந்த அக்காவின் ஆட்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், பெண்கள் உதவி எண் 181 அல்லது அவசர உதவி எண் 112. சம்பவம் கேரளத்தில் நடந்தது, இங்கே புகார் எடுக்க மாட்டார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்து பிறகு உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் சட்டம், எடுக்க மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் நீங்கள் வாக்குமூலம் கொடுத்துவிட்டால், பின்னால் யாரும் உங்களை மிரட்டி மாற்றிச் சொல்லவைப்பது கஷ்டம்.

உடம்பையும் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் என்று கேட்டால் காட்டுவார்கள். எச்ஐவி பரிசோதனை இலவசம். முடிவை உங்கள் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது என்று 2017ஆம் வருடச் சட்டம் இருக்கிறது.

வரும்போது போன், அந்த நோட்டுப் படங்கள், ஜிபேயில் பணம் வந்த போன விவரம், செயினுக்குப் பில் இருந்தால் அது, இல்லாவிட்டால் அதைப் போட்டுக்கொண்டு எடுத்த ஏதாவது ஒரு கல்யாண போட்டோ, மூன்று பாஸ்புக். ஆதார் நம்பர் எங்காவது எழுதி வைத்திருப்பீர்கள், அட்டை இல்லாமலே புதிதாக எடுத்துக்கொள்ளலாம். கோர்ட் வாசலில் யாராவது என்ன விஷயம் என்று கேட்டால் ‘இலவச சட்ட உதவிக்கு வந்தேன்’ என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் வாசலில் நிற்கிற யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வக்கீல் முன்னால் உட்கார்ந்து, உங்கள் பேரிலிருந்து ஆரம்பியுங்கள்.